பதினாறு ஃபேடருக்குப் பெயர் வைத்த கதை

எங்கள் வானொலி ஸ்டுடியோவுக்குப் புது கன்சோல் (மைக், பிளேயர், போன் ஒலிகளைக் கலக்கும் மேசை) வந்தபோது கேபிள் இழுப்பதுதான் பெரிய வேலை, அதன் ஃபேடர்களுக்கு, அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்திகளுக்கு, பெயர் எழுதுவது கடைசி அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். கேபிள் இரண்டே நாளில் முடிந்தது. பெயர்கள் சரியாக வர மூன்று வாரம் ஆயிற்று.

கேபிள் பக்கம் சொல்ல அதிகமில்லை. எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று பின் ஆடியோ இணைப்பியில் 1 தரை, 2 ஹாட் (நேர் சிக்னல்), 3 கோல்ட் (அதன் தலைகீழ் சிக்னல்). ஒவ்வொரு லைனிலும் 1 கிலோஹெர்ட்ஸ் டோன் அனுப்பி, மீட்டர் மைனஸ் 18 டிபிஎஃப்எஸ்ஸில் (டிஜிட்டல் ஒலி அளவின் அலகு) நிற்கிறதா என்று பார்த்தேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: டோனை இடதில் தனியாக, வலதில் தனியாக அனுப்ப வேண்டும். இரண்டிலும் சேர்த்து அனுப்பினால், பக்கம் மாறியிருந்தாலும் மீட்டர் காட்டிக்கொடுக்காது. எங்கள் பிளேயர் ஒன்று அப்படித்தான் மாறிக் கிடந்தது.

அப்புறம் பெயர்கள். முதலில் ‘தொகுப்பாளர்’, ‘விருந்தினர் 1’, ‘விருந்தினர் 2’ என்று வைத்தேன். இரண்டாம் நாளே தொகுப்பாளர் விருந்தினர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆள் இடம் மாறுவார், நாற்காலி மாறாது. சரி, ‘இடது’, ‘வலது’ என்று மாற்றினேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்கு எது இடதோ, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது வலது! கடைசியில் எண்ணும் நிறமும்தான் கைகொடுத்தன. மைக் 2-இன் ஃபோம் உறை நீலம், அதன் லேபிளும் நீலம். சிவப்பை மட்டும் எதற்கும் கொடுக்கவில்லை. மைக் திறந்திருக்கிறது என்பதற்கு ஏற்கெனவே சிவப்பு விளக்கு இருக்கிறது, அதோடு குழம்பக் கூடாது.

ஃபேடருக்கு மேலே இருக்கும் குட்டித் திரையில் எட்டு எழுத்துதான் நிற்கும். எங்களுடையதில் தமிழ் வராது, ஆங்கில எழுத்துதான். நீளமான பெயர் வைத்தால் வால் வெட்டுப்பட்டு, இரண்டு ஃபேடரும் ஒரே பெயரைக் காட்டும். அதனால் வித்தியாசப்படுகிற எழுத்தை முதலில் வைத்தேன். திரை இல்லாத பட்டன்களுக்குக் காகித டேப். மின்சார வேலைக்கான டேப்பை ஒட்டாதீர்கள், சூட்டில் அதன் பசை இளகி விரலிலெல்லாம் வரும்.

நான் நிஜமாக மாட்டிக்கொண்டது தொலைபேசி லைனில். வெளியிலிருந்து பேசுபவருக்கு நிகழ்ச்சியின் ஒலி எல்லாம் போக வேண்டும், அவர் குரல் மட்டும் போகக் கூடாது. இதைத்தான் மிக்ஸ்-மைனஸ் என்போம். அந்த அவுட்புட்டுக்கு ‘போன் ரிட்டர்ன்’ என்று பெயர் வைத்திருந்தேன். யாரிடமிருந்து யாருக்கு ரிட்டர்ன்? அவசரத்தில் எனக்கே புரியாமல், அங்கே முழு புரோகிராம் ஒலியையும் கொடுத்துவிட்டேன். நேயர் தன் குரலையே கொஞ்சம் தாமதமாகக் கேட்டு, பாதி வாக்கியத்தில் திக்கி நின்றுவிட்டார். இப்போது அந்த லேபிள் ‘போனுக்குப் போவது’. இன்னொன்று ‘போனிலிருந்து வருவது’. அழகாக இல்லைதான், ஆனால் அதற்குப் பிறகு யாரும் மாற்றிக் கொடுத்ததில்லை.

இன்னொரு தவறும் இதே வகை. மைக்கைத் திறந்தால் அந்த அறையின் ஸ்பீக்கர் தானாக மியூட் ஆக வேண்டும். இந்த அமைப்பை நான் மைக்குக்குக் கொடுக்காமல் 3-ஆம் ஃபேடருக்குக் கொடுத்திருந்தேன். ஒருவர் அந்த மைக்கை 9-ஆம் ஃபேடருக்கு மாற்றினார். பெயர் கூடவே போனது, மியூட் போகவில்லை. திறந்ததும் ஸ்பீக்கர் ஊளையிட்டது. நல்லவேளை, அது ஒத்திகை நேரம்.

எல்லாம் முடிந்ததும், கன்சோலைத் தொட்டே பார்க்காத ஒருவரை உட்காரவைத்து, “நீல மைக்கைத் திறங்க, போனை க்யூவில் கேளுங்க” என்று சொல்லிக்கொண்டே போனேன். (க்யூ என்றால் ஒலிபரப்பில் போகாமல் நாம் மட்டும் கேட்பது.) இரண்டு இடத்தில் தயங்கினார். அந்த இரண்டு லேபிளையும் அன்றே மாற்றி, அமைப்பைச் சேமித்து, ஒரு நகலை அச்செடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன்.

பயன்படாத ஐந்து ஃபேடர்களை வெறுமையாக விட்டிருந்தேன். மறுவாரம் வந்து பார்த்தால், ஒன்றின் கீழே யாரோ பென்சிலால் ‘இது என்ன?’ என்று எழுதியிருந்தார்கள். இப்போது ஐந்திலும் ‘காலி’ என்று டேப் ஒட்டியிருக்கிறேன்.