எல்ஜேஎன் கேம் வாங்கும் முன்
எல்ஜேஎன் அமெரிக்க பொம்மை கம்பெனி. படங்களின் உரிமத்தை வாங்கி, கேம் செய்யும் வேலையை வெளியே கொடுத்துவிடும். 'ஃப்ரைடே தி 13த்' கேமை அட்லஸ் கம்பெனி செய்தது, 'ரோஜர் ராபிட்' கேமை ரேர் கம்பெனி செய்தது. ஆனால் கேம் மோசம் என்ற திட்டு மொத்தமும் அட்டையிலிருந்த எல்ஜேஎன்னின் வானவில் சின்னத்துக்கே போனது. 1990-இல் அக்லெய்ம் என்ற கேம் கம்பெனி எல்ஜேஎன்னை வாங்கியது, சில வருடங்களில் பெயரும் மறைந்தது.

எனக்கு ஆறவே ஆறாதது 1989-இல் நின்டெண்டோவின் என்இஎஸ் கேம் கருவிக்கு வந்த 'எக்ஸ்-மென்'. நான்கு கட்டங்களை முடித்தாலும் கடைசிக் கட்டம் தானாகத் திறக்காது. கட்டம் தேர்ந்தெடுக்கும் திரையில் செலக்ட், பி, மேல் மூன்று பொத்தான்களையும் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டை அழுத்த வேண்டும். இதில் பி, மேல், ஸ்டார்ட் மட்டும் கார்ட்ரிட்ஜ் லேபிளில் அச்சாகியிருக்கிறது, செலக்ட் இல்லை! லேபிளும் கிழிந்திருந்தால் குழந்தை எப்படிக் கண்டுபிடிக்கும்? பழைய கார்ட்ரிட்ஜ் வாங்குபவர்கள் இந்த வரிசையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.