பழைய லேப்டாப்பில் ஹைக்கூ: பீட்டா3 முதல் பீட்டா5 வரை

என்னிடம் 2014ல் வாங்கிய ஒரு லேப்டாப் இருக்கிறது. ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், 1366க்கு 768 திரை. பேட்டரி போய்விட்டது, சார்ஜர் செருகினால்தான் ஓடும். 2021 ஆகஸ்டில் அதில் ஹைக்கூ என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சோதனைப் பதிப்பான பீட்டா3ஐப் போட்டேன். அன்றிலிருந்து புதிதாக எது வெளிவந்தாலும் இதே மெஷினில்தான் போட்டுப் பார்க்கிறேன். அப்போது ஓடாத பல விஷயங்கள் இப்போது ஓடுகின்றன. எது எப்போது சரியானது, ஏன் சரியானது என்று ஒரு நோட்டில் குறித்து வந்தேன். அதிலிருந்து எடுத்து எழுதுகிறேன்.

ஹைக்கூவைக் கேள்விப்படாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது லினக்ஸ் இல்லை. 1990களில் பீ என்ற நிறுவனம் உருவாக்கிய பீஓஎஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வாரிசு. 2001ல் பீயின் சொத்துகளை பாம் என்ற நிறுவனம் வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு பீஓஎஸ்ஸை விட மனமில்லாதவர்கள் சேர்ந்து, அதைத் திறந்த மூலமாக முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். 2004ல் அதற்கு ஹைக்கூ என்று பெயர் வைத்தார்கள். முதல் பீட்டா 2018 செப்டம்பரில்தான் வந்தது. கர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி), டெஸ்க்டாப், ஃபைல் மேனேஜர் எல்லாமே ஒரே குழுவின் கையில், ஒரே ரெப்போவில், அதாவது ஒரே கோடுக் களஞ்சியத்தில் இருக்கின்றன. 32 பிட் பதிப்பில் பழைய பீஓஎஸ் புரோகிராம்கள் இன்றும் ஓடும். அதற்காகவே ஜிசிசி 2 என்ற மிகப் பழைய கம்பைலரை இன்னும் பராமரிக்கிறார்கள். நான் போட்டிருப்பது 64 பிட் பதிப்பு.

பீட்டா3 போட்ட முதல் நாள் நன்றாக நினைவிருக்கிறது. துவக்கத் திரையில் ஐகான்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து, கடைசியில் ராக்கெட்டும் ஒளிர்ந்து, டெஸ்க்டாப் வந்து நிற்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் திரை 1024க்கு 768ல் இழுத்துப் பரப்பியதுபோல் இருந்தது. வைஃபை பட்டியலில் எங்கள் வீட்டு ரூட்டர் தெரியும், இணையும், பத்து நிமிடத்தில் விட்டுப்போகும். நெட்வொர்க்கை நிறுத்தி மறுபடி ஆரம்பித்தால் இன்னொரு பத்து நிமிடம். டெர்மினலில் லிஸ்ட்டெவ் கட்டளை கொடுத்து எந்தச் சிப் என்று பார்த்தேன். இன்டெலின் 7260 வகை. அதற்குரிய டிரைவரின் பெயர் ஐடூயல்வைஃபை7260.

இந்த டிரைவரின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹைக்கூவில் நடக்கும் முன்னேற்றத்தின் சூட்சுமம் எனக்குப் புரிந்தது இதில்தான்.

வைஃபை டிரைவர் எழுதுவது பெரிய வேலை. ஒவ்வொரு சிப்புக்கும் தனி ஃபர்ம்வேர், தனிக் கட்டளைகள், தனி விசித்திரங்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் உள்ள ஒரு குழு அத்தனையையும் தானே எழுத முடியாது. அதனால் ஹைக்கூ பல ஆண்டுகளாக ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு திறந்த மூல சிஸ்டத்தின் நெட்வொர்க் டிரைவர்களை எடுத்துப் பயன்படுத்துகிறது. எடுத்து அப்படியே ஒட்டிவிட முடியாது. ஃப்ரீபிஎஸ்டி டிரைவர், தான் ஃப்ரீபிஎஸ்டி கர்னலுக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டு அதன் வழியில் நினைவகம் கேட்கும், டைமர் வைக்கும், பூட்டுப் போடும். நடுவில் ஒரு லேயர் உட்கார்ந்து அந்தக் கோரிக்கைகளை எல்லாம் ஹைக்கூ கர்னலின் பாஷைக்கு மாற்றிக் கொடுக்கிறது. டிரைவரின் கோடில் பெரிதாகக் கை வைக்கத் தேவையில்லை. அந்தப் பக்கம் யாராவது ஒரு பிழையைத் திருத்தினால் இந்தப் பக்கம் கொண்டுவருவதும் சுலபம்.

2022ல் ஒரு படி மேலே போனார்கள். இன்டெல் வைஃபை சிப்புகளுக்கு ஓபன்பிஎஸ்டி என்ற வேறொரு சிஸ்டத்தில் நல்ல டிரைவர்கள் இருந்தன. ஆனால் ஓபன்பிஎஸ்டியின் வயர்லெஸ் அடுக்கு வேறு, ஃப்ரீபிஎஸ்டியின் அடுக்கு வேறு. ஹைக்கூவில் இருப்பது ஃப்ரீபிஎஸ்டியினுடையது. ஆக, ஓபன்பிஎஸ்டி டிரைவர் கேட்பதை ஃப்ரீபிஎஸ்டி அடுக்குக்குப் புரியவைக்க இன்னொரு லேயர், அந்த அடுக்கை ஹைக்கூவோடு பேசவைக்க ஏற்கெனவே இருந்த லேயர். மூன்று ஆபரேட்டிங் சிஸ்டங்களின் கோடு ஒன்றன்மேல் ஒன்றாக நின்று ஒரு பாக்கெட்டை அனுப்புகிறது. கேட்கும்போது இது நிற்குமா என்றுதான் தோன்றியது. 2022 டிசம்பரில் பீட்டா4 வந்தபோது ஐடூயல்வைஃபை7260 இப்படித்தான் மாறியிருந்தது. ஏஎக்ஸ்200 சிப்புக்கும் புது டிரைவர் வந்திருந்தது.

போட்டுப் பார்த்தேன். இரவு ஒன்பது மணிக்கு ரூட்டரோடு இணைத்து, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையை ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலை ஆறரைக்கு வந்து பார்த்தபோது பிங் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அன்று எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. ஒன்றரை வருடமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்த இணைப்பு அது.

திரைப் பிரச்சினையும் பீட்டா4ல் தீர்ந்தது. இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர் 1366க்கு 768ஐச் சரியாகக் கண்டுகொண்டது, ஸ்கிரீன் அமைப்பில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடிந்தது. 3டி முடுக்கம் கிடையாது, எல்லாவற்றையும் சிபியுவே வரைகிறது. நான் செய்யும் வேலைக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

அப்புறம் நைட்லி பக்கம் போனேன், அதாவது பீட்டாக்களுக்கு இடையில் வரும் சோதனைப் பில்டுகள். ஹைக்கூவில் கோடு சேரச் சேர ஹெச்ரெவ் என்ற வரிசை எண் ஏறிக்கொண்டே போகும், அதை வைத்து அடிக்கடி புதிய பில்டு வரும். அடிக்கடி புதுப்பித்தால் ஒருநாள் பூட் ஆகாமல் போய்விடுமே என்று முதலில் தயங்கினேன். அந்தப் பயம் வேண்டாம். புரோகிராம்களை நிறுவிப் புதுப்பிக்கும் பாக்கேஜ்மேன் ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் முன் இருந்த நிலையை அப்படியே வைத்திருக்கும். துவக்கும்போது ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்தால் பூட் லோடர் மெனு வரும், அதில் நேற்றைய நிலையைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம். ஒரே ஒரு டிரைவர்தான் தகராறு என்றால் அதே மெனுவில் அதை மட்டும் தடைப் பட்டியலில் சேர்க்கலாம். இரண்டையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன்.

நைட்லியில்தான் என் முதல் பெரிய பிழை அகப்பட்டது. பீட்டா4லிருந்தே ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வழியாக இணைத்து அதன் டேட்டாவைப் பயன்படுத்த முடியும், அதற்கென்று ஆர்என்டிஐஎஸ் டிரைவர் வந்துவிட்டது. வீட்டு இணையம் அறுந்தால் நான் போனைத்தான் செருகுவேன். ஒருநாள் ஒரு டவுன்லோடு ஓடிக்கொண்டிருந்தபோது அவசரத்தில் கேபிளை உருவிவிட்டேன். திரை வெள்ளையாகி, கறுப்பு எழுத்தில் வரிகள் நிரம்பின. ஹைக்கூக்காரர்கள் இதைக் கே.டி.எல். என்பார்கள், கர்னல் டீபக்கிங் லேண்ட். மற்ற பல சிஸ்டங்களில் இப்படி விழுந்தால் சாதாரணமாக ரீபூட் செய்வதுதான் வழி. இங்கே கர்னலே ஒரு கட்டளை வரியைக் கொடுத்து, என்ன நடந்தது என்று நாமே பார்க்கவிடுகிறது. பி.டி. என்று அடித்தால் எந்த ஃபங்ஷனுக்குள்ளிருந்து எந்த ஃபங்ஷன் அழைக்கப்பட்டது என்ற வரிசை வரும்.

அந்த வரிசையில் யூஎஸ்பி நெட்வொர்க் டிரைவரின் பெயர் இருந்தது. அதைவிட முக்கியமான தடயம் ஒரு ரெஜிஸ்டரில் கிடந்தது: டெட்பீஃப், டெட்பீஃப் என்று இரண்டு முறை. பிழை தேடுவதற்கென்று செய்யும் பில்டுகளில், விடுவிக்கப்பட்ட நினைவகத்தை ஹைக்கூ கர்னல் இந்தப் பதினாறடிமான எண்ணால் நிரப்பிவைக்கும். அந்த எண் ஒரு முகவரி இருக்க வேண்டிய இடத்தில் வந்தால் அர்த்தம் ஒன்றுதான். யாரோ விடுவித்துவிட்ட நினைவகத்தை வேறு யாரோ இன்னும் பயன்படுத்துகிறார்கள். இங்கே நடந்ததும் அப்படித்தான் என்று யூகித்தேன். கேபிளை உருவியதும் ஒரு பக்கம் போனுக்கான தகவல் அமைப்பு அழிக்கப்படுகிறது, மறுபக்கம் அடுத்த பாக்கெட்டுக்காகக் காத்திருந்த த்ரெட் (தனியே ஓடும் ஒரு வேலை) விழித்து அதே அமைப்பைத் தொடுகிறது.

திரையை போனில் படம் எடுத்தேன். ரீபூட் செய்தபின், விழுவதற்கு முன்னிருந்த பதிவு வர்/லாக் ஃபோல்டருக்குள் ப்ரீவியஸ் சிஸ்லாக் என்ற ஃபைலில் பத்திரமாக இருந்தது. படம், சிஸ்லாக், லிஸ்ட்யூஎஸ்பி வெளியீடு, ஹெச்ரெவ் எண், எப்படிச் செய்தால் விழுகிறது என்று நான்கு வரி. இவ்வளவையும் ஹைக்கூ குழுவுக்கு அனுப்பும் பிழைப் புகாரில், அதாவது டிக்கெட்டில் சேர்த்தேன். டவுன்லோடு ஓடாதபோது உருவினால் விழவில்லை என்பதையும் எழுதினேன். பதில் வந்தபோது, எனக்கு நன்றி சொல்லி அவர்கள் குறிப்பிட்டது அந்த ஒரு வரியைத்தான். ஒரு தவறு எப்போது நடக்கவில்லை என்று தெரிந்தால் தேடும் இடம் பாதியாகிவிடுகிறது. மூன்று வாரம் கழித்து வந்த நைட்லியில் டவுன்லோடு ஓடவிட்டு முப்பது முறை கேபிளை உருவி உருவிச் செருகினேன். ஒருமுறைகூட விழவில்லை. நோட்டில் முப்பது கோடு போட்டு எண்ணினேன், அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

2024 செப்டம்பர் 13ல் பீட்டா5. இதில் எனக்கு மிகவும் பிடித்தது கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம், இணையத்தில் தகவலை அனுப்பிப் பெறும் முறையான டிசிபியின் வேகம். வீட்டு லைன் 100 எம்பிபிஎஸ். பக்கத்து லினக்ஸ் கம்ப்யூட்டரில் வேகமாக இறங்கும் ஃபைல், ஹைக்கூவில் நொடிக்கு 1 எம்பி தாண்டாது. நான் வைஃபையைத்தான் சந்தேகித்தேன். கேபிள் போட்டும் அதே வேகம்.

காரணம் சாளர அளவு. டிசிபியில் பெறுபவர், "பதில் அனுப்பாமல் இவ்வளவு வரை என்னால் வாங்கிக்கொள்ள முடியும்" என்று ஓர் அளவைச் சொல்வார். அனுப்புபவர் அதற்குமேல் அனுப்ப மாட்டார். உதாரணத்துக்கு அந்த அளவு 64 கேபி, சர்வருக்குப் போய்வர 50 மில்லிநொடி என்று வையுங்கள். நொடிக்கு இருபது சுற்று, இருபது 64 கேபி, சுமார் 1.25 எம்பி. லைன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அவ்வளவுதான். சர்வர் கடல் தாண்டி 200 மில்லிநொடி தூரத்தில் இருந்தால் 320 கேபிக்குச் சுருங்கிவிடும். தண்ணீர்த் தொட்டி நிறைய இருந்தும் சின்னச் செம்பால் மொண்டு ஊற்றுவதுபோல. பீட்டா5ல் இந்தச் சாளரம் தேவைக்கேற்பத் தானே வளர்கிறது. என் மெஷினில் அதே ஃபைல் இப்போது நொடிக்கு 6, 7 எம்பி வேகத்தில் இறங்குகிறது. லேப்டாப் அதேதான், ரூட்டரும் அதேதான்.

மெமரி கார்டுகளில் இருக்கும் ஃபேட் ஃபைல் சிஸ்டத்துக்கான டிரைவரும் மாறியது. ஃப்ரீபிஎஸ்டியினுடையதை அடிப்படையாகக் கொண்ட புது டிரைவர். கேமரா கார்டிலிருந்து படங்களை எடுக்கும்போது முன்பு வந்த தடங்கல் இப்போது இல்லை.

சரி, இன்னும் ஆகாதது என்ன? சஸ்பெண்ட் இல்லை, லேப்டாப்பை மூடினால் தூங்காது. ப்ளூடூத்தை நம்ப முடியாது. என்னை உறுத்துவது இவை இரண்டும் இல்லை, தமிழ்.

ஃபைல் பெயரைத் தமிழில் வைத்தால் ஃபைல் சிஸ்டம் பிசகாமல் சேமிக்கிறது, தேடினால் கிடைக்கிறது. காட்டுவதில்தான் பிரச்சினை. ஹைக்கூவின் சொந்தப் புரோகிராம்களில் எழுத்தை வரைவது ஆப்சர்வர் (app_server) என்ற பகுதி. அது ஒவ்வொரு குறியாக வந்த வரிசையிலேயே வரைகிறது. தமிழில் ஒற்றைக் கொம்பு சேமிப்பில் மெய்க்குப் பின்னால் இருக்கும், வரையும்போது முன்னால் வர வேண்டும். அதை இடம் மாற்றிக் கொடுக்கும் வேலையை அங்கே யாரும் செய்வதில்லை. "பெயர்" என்றால் பகரத்துக்குப் பின் கொம்பு தனியாக நிற்கும். "கொடு"வில் கொம்பும் காலும் ககரத்தின் இரு பக்கமும் நிற்காமல் இரண்டும் பின்னால் போய்விடும். க்யூட் (Qt) என்ற கருவித்தொகுப்பில் எழுதிய ஃபால்கன் உலாவியில் இதே சொற்கள் சரியாக வருகின்றன, ஏனென்றால் க்யூட் எழுத்துகளைச் சரியாக அடுக்கித் தரும் ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பயன்படுத்துகிறது.

ஹார்ஃப்பஸ் ஹைக்கூவின் பாக்கேஜ் களஞ்சியத்திலும் இருக்கிறது. வைஃபை டிரைவரில் பார்த்ததுபோல் நடுவில் ஒரு லேயரை இங்கே வைக்க முடியுமா என்று இந்த மாதம் முயன்று பார்த்தேன். ஹார்ஃப்பஸ் எழுத்துருவடிவ எண்களையும் அவை உட்கார வேண்டிய இடங்களையும் தரும். ஆப்சர்வரோ எழுத்தை மட்டும்தான் வாங்கிக்கொள்ளும், வடிவ எண்ணைக் கொடுக்க வழியில்லை. அதனால் இப்போதைக்கு எழுத்துருவை வரையும் ஃப்ரீடைப் நூலகத்தை வைத்து நானே ஒரு பிட்மேப்பில் வரைந்து, அதை ஜன்னலில் ஒட்டுகிறேன். சரியான இடம் ஆப்சர்வருக்கு உள்ளேதான், அதன் கோடை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் எழுதியது 180 வரி சி++. ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு அந்தச் சின்ன ஜன்னலில், நோட்டோ எழுத்துருவில், "கொடு" என்று கொம்பும் காலும் தங்கள் இடத்தில் நிற்க வந்தது. அடுத்து "நௌ" போட்டுப் பார்த்தேன். அதுவும் வந்தது.