கிரான்ட் தெரு கோர்ட்டு

அமெரிக்காவில், பிட்ஸ்பர்க் நகரத்தில் எனக்கு முதலில் பழகிய கட்டடம் ஒரு கோர்ட்டு. வழக்கு ஒன்றும் இல்லை. வேலைக்குப் போக கிரான்ட் தெருவில் பஸ் மாறவேண்டும். நிற்குமிடத்துக்கு எதிரே அலெகெனி கவுண்டி நீதிமன்றம். இழைக்காமல் கரடாகவே விட்ட கிரானைட் கற்கள், அரைவட்ட வளைவுகள், நடுவில் உயர்ந்த கோபுரம். முதல் குளிர்காலத்தில் அதைப் பார்த்தாலே மனசு இன்னும் கனக்கும்.

ஆனால் வாசல் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. இத்தனை பெரிய கட்டடத்துக்கு இவ்வளவு தாழ்ந்த நுழைவா? கூட வேலை பார்த்த உள்ளூர்க்காரர்தான் விளக்கினார். அந்தத் தெரு ஒரு மேட்டின்மேல் போனதாம். 1913 வாக்கில் மேட்டை வெட்டித் தெருவைக் கீழே இறக்கிவிட்டார்கள். நிலத்துக்குள் இருந்த அடித்தளம் வெளியே வந்துவிட்டது, பழைய வாசல் தலைக்குமேல் போய்விட்டது. இப்போது எல்லோரும் நுழைவது அடித்தளம் வழியாகத்தான். எதிரே இருக்கும் ஃபிரிக் கட்டடத்துக்கும் இதே கதி.

முன்பிருந்த நீதிமன்றம் 1882-இல் எரிந்துபோனது. புதிதாகக் கட்டப் போட்டி வைத்து, ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் என்ற கட்டடக் கலைஞரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் இதை முழுதாகப் பார்க்கவில்லை. 1886-இல், 47 வயதில் இறந்துவிட்டார். அவருடைய அலுவலகத்தில் இருந்தவர்கள் 1888-இல் முடித்தார்கள். நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வேலை தொடங்கியதும் அதே வருடம்தான்.

எனக்கு அந்தக் கோபுரத்தின்மேல் தனிப் பிரியம். அது வெறும் அலங்காரம் இல்லை. அன்றைக்கு ஊரெல்லாம் எஃகு ஆலைப் புகை, தெருமட்டத்துக் காற்று உள்ளே விடும்படி இருக்காது. அதனால் கோபுரத்தின் உயரத்தில் காற்றை இழுத்துக் கீழே இறக்கி அறைகளுக்கு அனுப்பினார்கள். கெட்ட காற்று பின்பக்கத்துக் கோபுரங்கள் வழியே வெளியேறியது. ஏசிக்கு முந்தைய காலத்தில் என்ன மூளை!

பின்னால் சிறை. இரண்டையும் இணைத்து, ராஸ் தெருவுக்கு மேலே ஒரு மூடிய கல் பாலம். வெனிஸ் நகரத்துப் பெருமூச்சுப் பாலத்தைப் பார்த்துக் கட்டியது. 1902-இல் சிறை வார்டனின் மனைவி கேத்தரின் சோஃபல், மரண தண்டனைக் கைதிகளான பிடில் சகோதரர்களைத் தப்பவைத்துக் கூடவே ஓடியது இங்கிருந்துதான். அந்தப் பக்கம் போனால் யாராவது இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். 1995-இல் கைதிகள் வேறு சிறைக்குப் போனார்கள். இப்போது அங்கே குடும்ப நீதிமன்றம்.

கட்டடத்தின் நடுவில் நீரூற்றோடு ஒரு முற்றம் இருக்கிறது. வெயில் வந்துவிட்டால் மதியச் சாப்பாட்டை அங்கேதான் பிரிப்பேன். வக்கீல்கள், குமாஸ்தாக்கள், சும்மா வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு டப்பாவோடு உட்கார்ந்திருப்பார்கள். "கோர்ட்டுப் படி ஏறவே கூடாது" என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. அம்மா வந்திருந்தபோது அங்கே கூட்டிப்போனேன். தெருவிலிருந்து நேராக நுழைந்தோம். உள்ளே வளைவு வளைவாக மேலே போகும் கல் படிக்கட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, "வெளியில இல்லாத படியையெல்லாம் உள்ள வச்சிருக்கான்" என்றாள். ஏற மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே திரும்பினோம்.