பாடாங்கைச் சுற்றி ஒரு தமிழ் நடை

சிங்கப்பூருக்கு வரும் சொந்தக்காரர்களை எங்கெல்லாம் கூட்டிப்போவது என்று இங்கே எல்லா வீட்டிலும் ஒரு பட்டியல் இருக்கும். மெர்லயன், மரினா பே, செந்தோசா, கடைசியில் முஸ்தபா. என் பட்டியலில் முதலில் நிற்பது ஒரு புல்வெளி. காரைக்குடியிலிருந்து பெரியப்பா வந்தபோதும் சனிக்கிழமை காலையில் முதலில் பாடாங்குக்குத்தான் கூட்டிப்போனேன். "புல்லைப் பார்க்கவாப்பா பிளேன் ஏறி வந்தேன்?" என்று கேட்டார். பார்க்கப்போவது புல்லை இல்லை, கல்லை என்றேன். அந்தத் திடலைச் சுற்றியுள்ள பழைய கற்களில் தமிழ் இருக்கிறது. பக்கத்திலேயே செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும் நம்மவர்கள்கூட அதைப் பார்ப்பதில்லை.

எம்ஆர்டியில் நகர மண்டபம் நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். வெள்ளை வெளேரென்று கூர்கோபுரத்தோடு நிற்கும். 1862ல் அர்ச்சிக்கப்பட்டது. வரைபடம் போட்டவர் ரொனால்ட் மெக்ஃபர்சன் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். 1825ல் முதல் கைதிக் கூட்டம் சுமத்ராவின் பெங்கூலனிலிருந்து இங்கே மாற்றப்பட்டது. அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக, இந்த ஊரின் சாலையும் பாலமும் பெரிய கட்டடங்களும் பெரும்பாலும் அவர்கள் உழைப்பில் எழுந்தவை. தேவாலயச் சுவருக்கு அவர்கள் பூசியது 'மெட்ராஸ் சுனாம்', அதாவது நம் சுண்ணாம்புச் சாந்து. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு அடித்துக் குழைப்பார்கள். பூசிக் காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் பெரியப்பா, "அட, நம்ம ஊரு செட்டிமார் வீட்டுப் பூச்சுல்ல இது!" என்றார். அப்புறம் அவரை அந்தச் சுவரிலிருந்து பிரிக்கவே முடியவில்லை. இப்போது கைக்குத் தட்டுப்படுவது மேலே அடித்த பெயின்ட்தான் என்றாலும் அவர் கேட்பதாக இல்லை. தூணுக்குத் தூண் தடவிக்கொண்டே போனார். அந்தக் கைதிகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று இங்கே வைத்திருக்கலாமே என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

சாலையைக் கடந்தால் பாடாங். ஒரு முனையில் 1852ல் தொடங்கிய கிரிக்கெட் கிளப், மறு முனையில் ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்சத்தவரான யுரேசியர்கள் 1883ல் தொடங்கிய ரெக்ரியேஷன் கிளப், நடுவில் சும்மா கிடக்கும் பச்சை. அந்தக் காலத்தில் கடல் இந்தத் திடலின் ஓரம் வரைக்கும் வந்தது. இப்போது கடல் இருக்கும் திசையே புதிதாக வருபவர்களுக்குத் தெரியாது, அவ்வளவு தூரம் மண் கொட்டித் தள்ளிவிட்டார்கள். 2022 தேசிய தினத்தன்று பாடாங்கை 75வது தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். அந்தப் பட்டியலில் ஒரு வெட்டவெளி இடம்பெற்றது அதுவே முதல்முறை.

திடலைப் பார்த்து நிற்கும் நகர மண்டபத்தின் படிக்கட்டுக்கு மட்டும் தனிக் கதை எழுதலாம். 1945 செப்டம்பர் 12ஆம் தேதி உள்ளே ஜப்பானியத் தளபதி இட்டகாக்கி சரணடைந்து கையெழுத்துப் போட்டார், பெற்றுக்கொண்டவர் மவுண்ட்பேட்டன். 1959 டிசம்பரில் யூசோஃப் இஷாக் அரச தலைவராகப் பதவியேற்றபோது கொடியும் தேசிய கீதமும் மக்களுக்கு அறிமுகமானது இங்கேதான். 1966ல் முதல் தேசிய தின அணிவகுப்பும் இதே திடலில்தான். ஆனால் பெரியப்பாவை உட்கார வைத்து நான் சொன்னது 1943 ஜூலை 5. அன்று இதே கட்டடத்தின் முன்னால் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டு, 'டில்லி சலோ' என்று முழங்கினார். அந்தப் படையில் பிறகு சேர்ந்தவர்களில் மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் ஏராளம். ஜான்சி ராணி பெண்கள் படையை நடத்திய லட்சுமியும் சென்னைக்காரர்தான், சிங்கப்பூரில் டாக்டராக இருந்தவர்.

நகர மண்டபத்தையும் பக்கத்துப் பழைய உச்ச நீதிமன்றத்தையும் இணைத்து 2015லிருந்து தேசியக் கலைக்கூடமாக நடத்துகிறார்கள். ஏசிக்காகவாவது உள்ளே போய்வாருங்கள். ஓவியங்களை நின்று பார்க்க எங்களுக்கு நேரமில்லை, நீதிமன்றக் கைதி அறைகளை மட்டும் எட்டிப் பார்த்தோம். அடிக்கல்லுக்குக் கீழே 1937ஆம் ஆண்டுச் செய்தித்தாள்களையும் காசுகளையும் ஒரு பேழையில் புதைத்திருக்கிறார்கள். அதைத் திறக்க வேண்டியது 3000ஆம் ஆண்டில். "அவசரமே இல்லாத ஆளுங்கப்பா" என்றார் பெரியப்பா.

சரி, கல்லுக்கு வருவோம். கனாட் டிரைவைக் கடந்தால் எஸ்பிளனேட் பூங்கா. முள் முளைத்த டுரியான் பழம் போன்ற கலையரங்கம் பக்கத்திலேயே இருப்பதால் கூட்டமெல்லாம் அங்கே போய்விடும். இந்தப் பூங்காவில் நிழலும் உண்டு, அமைதியும் உண்டு. போர் நினைவுத்தூண் 1922ல் முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காகத் திறக்கப்பட்டது. பின்னர் இரண்டாம் போரில் மாண்டவர்களுக்காகப் பின்பக்கம் எழுத்துப் பொறித்தபோது நான்கு மொழிகளில் பொறித்தார்கள், தமிழும் உண்டு. ஜப்பானியரை எதிர்த்துப் போராடி அவர்கள் சிறையில் இறந்த லிம் போ செங்கின் நினைவு மண்டபம் 1954ல் எழுந்தது. அங்கேயும் தமிழ்ப் பட்டயம் இருக்கிறது. பெரியப்பா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு சத்தமாகவே படித்தார்.

இவற்றுக்கு நடுவே இந்திய தேசிய ராணுவத்தின் (ஐஎன்ஏ) நினைவிடம். 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய தூணை, திரும்பி வந்த ஆங்கிலேயர் இரண்டே மாதத்தில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இப்போது இருப்பது 1995ல் வைத்த அடையாளப் பலகை. தூணே இல்லாத இடம்தான், ஆனாலும் பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

அங்கிருந்து எம்பிரஸ் பிளேஸ் பக்கம். நவீன சிங்கப்பூருக்கு அடித்தளமிட்ட ராஃபிள்ஸின் வெண்கலச் சிலை 1887ல் முதலில் பாடாங்கில்தான் நின்றது. பந்து விளையாடுபவர்கள் அதை மதிக்கவில்லை, பந்து போய்ப் போய் மோதும். 1919ல் விக்டோரியா மண்டபத்தின் முன்னால் நகர்த்தினார்கள். அதற்கு இடம் கொடுத்துப் பழைய நாடாளுமன்றத்தின் முன்னால் போய் நிற்கிறது, சயாம் மன்னர் சூலலங்கோர்ன் 1871ல் வந்துபோனதன் நினைவாகத் தந்த வெண்கல யானை.

நான் காட்ட நினைத்த கல் கிட்டத்தில்தான் இருக்கிறது: டல்ஹவுசி தூண். சிங்கப்பூர் அப்போது கல்கத்தாவுக்கு அடங்கிய ஊர். இந்தியத் தலைமை ஆளுநர் டல்ஹவுசி 1850ல் வந்ததன் நினைவாக எழுப்பினார்கள். ஆங்கிலம், சீனம், ஜாவி (அரபு எழுத்தில் எழுதும் மலாய்), தமிழ் என நான்கு முகத்திலும் எழுத்து. நான்கு அதிகாரத்துவ மொழிகள் என்ற பேச்சே எழுவதற்கு நூறு ஆண்டுக்கு முன்னால்! வாணிபத்தைக் கட்டுப்பாடுகளிலிருந்து விடுவித்தது புத்திசாலித்தனம் என்று அவர் ஒப்புக்கொண்டதாகக் கல் சொல்கிறது. "வியாபாரியக் கெடுபிடி பண்ணாதேன்னு கல்லுலயே வெட்டிவச்சுட்டான், நம்ம செட்டிமார் இங்க வராம வேற எங்க போவாக?" என்று பெரியப்பா சிரித்தார்.

அவருக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. அவருடைய தாத்தா செட்டித்தெருக் கிட்டங்கி (செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய இடம்) ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அதனால் கேவனா பாலத்தில் ஏறி அக்கரைக்குப் போனோம். அந்தக் கைதிகள் கைவைத்த கடைசிப் பெரிய வேலை இந்தப் பாலம். மாடு, குதிரை, பாரவண்டி ஏறக்கூடாது என்ற பழைய அறிவிப்பு இன்னும் இருக்கிறது. செட்டித்தெரு இப்போதைய மார்க்கெட் ஸ்ட்ரீட். கிட்டங்கி ஒன்றுகூட இல்லை, எல்லாம் அண்ணாந்து பார்க்கவேண்டிய கோபுரங்கள். அவற்றில் ஒன்றான கேபிட்டாஸ்பிரிங்கின் கீழ் மாடிகளில் உணவங்காடி நிலையம் இருக்கிறது. அலுவலகக் கூட்டத்தை நம்பி நடக்கும் இடம் அது. வார நாளில் போனால் பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே இடம் பிடித்துவிடுங்கள்.