தரம் 11 கணித வகுப்பு: கொழும்பிலிருந்து சில குறிப்புகள்

2022 ஜூன் 20, திங்கள்

எரிபொருள் தட்டுப்பாட்டினால் கொழும்பு நகரப் பாடசாலைகள் மூடப்பட்டு, மறுபடியும் ஸூம் வகுப்பு. 38 பேரில் 21 பேரே இணைந்தார்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது தரம் 9இல் இருந்த பிள்ளைகள் இவர்கள். 2021 ஜூலை 12 முதல் ஒக்டோபர் வரை, சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி, ஆசிரியர்களாகிய நாங்களும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றோம். கோரிக்கை நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்த மாதங்களில் விடுபட்ட பாடங்கள் ஒவ்வொரு கணக்கிலும் தலைகாட்டுகின்றன.

ஜூன் 22, புதன்

வராதவர்களின் வீடுகளுக்கு அழைத்தேன். மட்டக்குளியிலுள்ள மாணவி ஒருத்தியின் தந்தை, முச்சக்கரவண்டி ஓட்டுபவர், வீட்டிலிருக்கும் ஒரே கைத்தொலைபேசியுடன் நேற்றிரவிலிருந்து பெற்றோல் வரிசையில் நிற்கிறார். "பிள்ளையைக் குறை நினைக்காதீங்க டீச்சர்" என்றார்.

ஜூன் 24, வெள்ளி

10,000 ரூபாவுக்கு ஆண்டுக்கு 10% கூட்டு வட்டி. இரண்டு ஆண்டுகளின் பின் மொத்தத் தொகை என்ன? வட்ஸ்அப்பில் வந்த 19 படங்களிலும் 12,100 என்ற சரியான விடை இருந்தது. ஆனால் ஏழு கொப்பிகளில் 11,000 என்ற எண், காற்புள்ளி இடம்மாறி, 1,1000 என்று ஒரேமாதிரி எழுதப்பட்டிருந்தது. இருந்தும் அனைவருக்கும் முழுப் புள்ளி பதிந்தேன்.

ஜூலை 25, திங்கள்

பாடசாலை திறந்தது, நேரடி வகுப்பு வாரத்தில் மூன்று நாட்கள் மட்டும். அதே கணக்கைக் கரும்பலகையில் எழுதித் தாளில் செய்யச் சொன்னேன். வந்திருந்த 33 பேரில் 18 பேரின் விடை 12,000. மேசைகளுக்கிடையே நடந்தபோது, ஜூனில் மிகத் தெளிவான படம் அனுப்பிய மாணவனின் பேனை இரண்டாம் ஆண்டுக்கான வரியில் நின்றுவிட்டதைக் கண்டேன். "வட்டிக்கும் வட்டி வருமா டீச்சர்?" என்று மெல்லக் கேட்டான். அன்றே ஏன் கேட்கவில்லை என்றதற்கு, "எல்லாருக்கும் விளங்கின மாதிரி இருந்திச்சு" என்றான். வகுப்பறையில் அந்தப் பேனை நின்ற கணத்திலேயே எனக்குத் தெரிந்திருக்கும். திரையில் அவனுடைய பெயர் மட்டுமே தெரிந்தது.

ஜூலை 28, வியாழன்

மட்டக்குளி மாணவி தன் கொப்பியைக் கொண்டுவந்தாள். பாடநூலை மட்டும் வைத்துக்கொண்டு செய்திருக்கிறாள். விடை பிழைதான், ஆனால் ஒவ்வொரு படியும் அவளுடையது; பிழைத்த வரியைக் காட்டியதும் மிகுதியைத் தானே திருத்தினாள். என் பதிவேட்டில் அவளுக்குப் பூச்சியம், பார்த்தெழுதியவர்களுக்கு முழுப் புள்ளி. ஜூன் மாதப் புள்ளி நிரல் முழுவதையும் கோடிட்டு நீக்கிவிட்டு, அடுத்த திங்களன்று அனைவருக்கும் வகுப்பிலேயே மறுபடியும் கணிப்பீடு என்று அறிவித்தேன்.