சேர் படிப்பித்த மூன்றாம் விதி

1996இல் கிளிநொச்சியில் இருந்து இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் போன பிறகு, எங்கள் உயர்தர வகுப்பு ஒரு கிடுகுக் கொட்டிலில்தான் நடந்தது. கெப்லரின் மூன்றாம் விதியைப் படிப்பித்த அன்று பௌதிகவியல் சேர் சொன்னார்: "சுற்றிவர எடுக்கிற காலமும் தூரமும் தெரிஞ்சால் போதும் பிள்ளையள், நடுவில இருக்கிறதைக் காணாமலே நிறுத்துப்போடலாம்." நாங்கள் பரீட்சைக்காக எழுதிக்கொண்டோம்.

அதே காலத்தில் ஹவாயின் மௌனா கியா மலையில் அமெரிக்க வானியலாளர் அன்ட்ரியா கெஸ் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்: எங்கள் பால்வீதியின் நடுவில் காணாமல் இருக்கிறதை நிறுப்பது. முறை சரிவராது என்று முதலில் அவருடைய விண்ணப்பத்தை மறுத்திருக்கிறார்கள். அவர் விடவில்லை. 1995இல் கெக் தொலைகாட்டியின் 10 மீற்றர் ஆடியைப் பால்வீதியின் நடுவை நோக்கித் திருப்பினார். அங்கிருந்து வரும் சாதாரண ஒளியைத் தூசி மறித்துவிடும். அகச்சிவப்புக் கதிர் வந்துசேரும். வளிமண்டலம் படத்தைக் கலக்குவதால், மிகக் குறுகிய நேரப் படங்களை ஏராளமாக எடுத்துச் சேர்த்தார். சிலியில் இருந்து ஜேர்மன் வானியலாளர் றைன்ஹார்ட் கென்செலின் குழுவும் நடுவைச் சுற்றும் அதே நட்சத்திரங்களைத் தொடர்ந்தது. போட்டி போட்ட இரண்டு குழுவுக்கும் ஒரே விடை வந்ததால்தான் எனக்கு அதில் இத்தனை நம்பிக்கை.

2020இல் இருவருக்கும், கருந்துளையைக் கணிதத்தால் ஆராய்ந்த ரோஜர் பென்றோசுக்கும் நோபல் பரிசு என்ற செய்தியை ரொறன்ரோவில் பார்த்ததும் கடதாசியை எடுத்தேன். அந்த நடுவைச் சுற்றும் எஸ்-2 என்ற நட்சத்திரம் ஒரு சுற்றை 16 வருடத்தில் முடிக்கிறது. அதன் நீள்வட்டப் பாதையின் அரைப்பேரச்சு, அதாவது நீளத்தில் பாதி, சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தூரத்தைப்போல் ஏறத்தாழ 1,000 மடங்கு. 1,000இன் கனத்தை 16இன் வர்க்கத்தால் வகுத்தால் 39 இலட்சம். அத்தனை சூரியன்களின் திணிவு! நுட்பமான அளவீடுகள் 40 இலட்சத்துக்குச் சற்று மேல் என்கின்றன. சேர் தந்த சூத்திரமேதான்.

2018இல் எஸ்-2 அந்த நடுவுக்கு மிக அருகே, செக்கனுக்கு 7,000 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் வளைந்து போனது. அவ்வளவு திணிவு அத்தனை சிறிய இடத்துக்குள் அடங்க, ஒளிகூடத் தப்பமுடியாத மீப்பெரும் கருந்துளையைத் தவிர வேறு நல்ல விளக்கம் இல்லை.

பௌதிகவியலில் நோபல் பெற்ற நாலாவது பெண் கெஸ். எங்கள் கொட்டிலில் கணக்கில் முன்னுக்கு நின்றவர்களும் பெண்பிள்ளைகள்தான்.

2034இல் எஸ்-2 மறுபடி நெருங்கும். அதை அவதானிப்பவர்களில் எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருவராவது இருக்கவேண்டும் என்பது என் பெரிய ஆசை. எங்கள் பழைய மாணவர் சங்கம் பாடசாலை ஆய்வுகூடத்துக்கு ஒதுக்கும் காசில் ஒரு நல்ல தொலைகாட்டியும் சேரட்டும். பால்வீதியின் நடு இருக்கும் திசையான தனுசு இராசி, ஆவணி முன்னிரவில் ஊரில் தெற்கு வானில் நன்றாக உயர்ந்து நிற்கும். கனடாவில் எங்களுக்கு அது அடிவானத்தை ஒட்டித்தான் தெரியும்.