எந்தச் சுவரில் அந்தப் பெயர்?

போரில் மாண்டவர்களுக்கென்று நம் நாட்டில் அரசு விடுமுறை ஏதும் இல்லை. நினைவு நாட்கள்தான் நிறைய. ஜூலை 26 கார்கில் வெற்றி நாள், டிசம்பர் 16 வங்கதேசப் போரின் வெற்றி நாள், டிசம்பர் 7 கொடி நாள், அக்டோபர் 21 காவலர் நினைவு நாள். இந்த நாட்களையொட்டி, இறந்த வீரரின் பெயரைச் சுவரில் பார்க்க ஊரிலிருந்து தில்லிக்கு வரும் குடும்பத்தாரை, ஆர்.கே.புரத்திலோ மயூர் விஹாரிலோ இருக்கும் சொந்தக்காரர்கள் நேரே இந்தியா கேட்டுக்குக் கூட்டிப்போய்விடுகிறார்கள். முதல் தவறு அங்கேதான்.

இந்தியா கேட் 1931இல் திறக்கப்பட்டது. முதல் உலகப் போரிலும் 1919 ஆப்கான் போரிலும் இறந்தவர்களுக்காகக் கட்டியது. 1947க்குப் பிறகு இறந்த ஒருவர் பெயரும் அதில் கிடையாது. 1972 ஜனவரி 26 முதல் அதன் அடியில் எரிந்த அமர் ஜவான் ஜோதியும் இப்போது அங்கில்லை. 2022 ஜனவரியில் அதைப் பக்கத்திலுள்ள தேசியப் போர் நினைவிடத்தின் சுடரோடு சேர்த்துவிட்டார்கள். தலைகீழாக நிறுத்திய துப்பாக்கியும் இரும்புத் தொப்பியும் சில மாதம் கழித்து அங்கேயே போயின. பழைய புகைப்படத்தை நம்பி வருபவர்களுக்கு ஏமாற்றம்தான்.

தேட வேண்டியது 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த அந்தப் போர் நினைவிடத்தில். வடிவமைத்தவர் சென்னைக் கட்டடக்கலைஞர் யோகேஷ் சந்திரஹாசன். வட்டத்துக்குள் வட்டமாக நான்கு. நடுவில் 15.5 மீட்டர் உயரத் தூணும் அணையாச் சுடரும்; அடுத்து ஆறு போர்க்களக் காட்சிகள் வெண்கலத்தில்; அதற்கடுத்து தியாக் சக்ரா; வெளியே மரங்கள். பெயர்கள் இருப்பது மூன்றாவது வட்டமான தியாக் சக்ராவில். சக்கரவியூகம் போல வளைந்த 16 சுவர்கள், ஆளுக்கொரு கருங்கல் என்று 25,000க்கும் மேல். செங்கம் பக்கத்து நடுகற்களில் ஆநிரை மீட்டு விழுந்தவனின் உருவத்தையும் பெயரையும், அரசனின் ஆட்சியாண்டையும் வெட்டி வைத்தார்கள். இங்கே பெயரும் படையும்தான், உருவமில்லை. போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேருக்கு மட்டும் தனியிடத்தில் மார்பளவுச் சிலை. அதில் ஒருவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் இறந்தவர். அமைதிப்படையில் போய்த் திரும்பாதவர்களைப் பற்றித் தமிழ்நாட்டில் நாம் வாய் திறப்பதே அபூர்வம். அவர்கள் பெயர்களும் இந்தச் சுவர்களில்தான்.

பெயரைக் கண்டுபிடிக்கத் தொடுதிரைகள் உண்டு. நம்மவர்கள் சிக்கிக்கொள்வது இனிஷியலில். வீட்டில் 'எஸ். முருகன்' என்பவர் ராணுவப் பதிவில் அப்பா பெயரை விரித்து எழுதியோ, இனிஷியலே இல்லாமலோ இருக்கலாம். ஆங்கிலத்தில் 'த', 'ழ' எழுதும் விதமும் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே வெறும் பெயரோடு வராதீர்கள். ராணுவ எண், பதவி, படைப்பிரிவு, இறந்த தேதி நான்கையும் ஓய்வூதியப் புத்தகத்திலிருந்தோ பழைய கடிதத்திலிருந்தோ எழுதி எடுத்து வரவேண்டும். தேதியிலும் ஒரு குழப்பம் வரும். ஜூலை 26 என்பது போர் முடிந்த நாள். கார்கிலில் இறந்த திருச்சி மேஜர் சரவணன் விழுந்தது 1999 மே 29.

எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லையா? அவர் சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற மத்தியக் காவல் படைகளில் இருந்தாரா என்று கேளுங்கள். ஊரில் எல்லோரையும் 'மிலிட்டரி' என்றே சொல்லிவிடுவோம். போர் நினைவிடம் முப்படைக்கானது. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் இறந்த 40 பேரும் சிஆர்பிஎஃப் வீரர்கள். அவர்களில் இருவர் தமிழ்நாட்டுக்காரர்கள். அப்படிப்பட்டவர்களுக்கான சுவர் சாணக்யபுரியில், 2018இல் திறந்த தேசியக் காவலர் நினைவிடத்தில். 1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படை சுட்டு இறந்த 10 காவலர்களிலிருந்துதான் காவலர் நினைவு நாளே வந்தது.

போர் நினைவிடத்துக்கு நினைவு நாளன்று காலையில் போகாதீர்கள். அமைச்சரும் தளபதிகளும் மலர்வளையம் வைத்துப் போகும்வரை பொதுமக்கள் வெளியேதான் நிற்க வேண்டும். ஜனவரியில் அணிவகுப்பு ஒத்திகை தொடங்கிவிட்டால் கர்தவ்ய பாதையைச் சுற்றிச் சாலை அடைப்பு; மாதக் கடைசியில் திட்டமே போடவேண்டாம். அனுமதி இலவசம். வெயில் காலத்தில் நடுப்பகலில் கல் கொதிக்கும், மெருகிட்ட பரப்பின் பளபளப்பில் எழுத்து படத்தில் விழாது. சாயங்காலம் நல்லது.

சூரியன் மறையும் வேளையில் ஒரு வீரரின் குடும்பத்தார் மலர்வளையம் வைக்கும் சடங்கு நடக்கிறது. 'சோக் சஸ்த்ர' என்ற கட்டளையில் துப்பாக்கிக் குழல் கீழ்நோக்கித் திரும்பும், தலைகள் குனியும். 'லாஸ்ட் போஸ்ட்' என்ற அஞ்சலி இசையை பியூகிளில் ஊதி முடிந்ததும் மௌனம் தொடங்குகிறது. பியூகிள் மறுபடி ஒலிக்கும்போதுதான் முடிகிறது. ஊதி நின்றவுடன் கைதட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த இடத்தில் நிற்க உங்கள் குடும்பம் விரும்பினால் வாசலில் வந்து கேட்டுப் பயனில்லை. அவருடைய படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள், அல்லது சொந்த மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். ரயில் டிக்கெட் அதற்குப் பிறகு.